வாசகர்களை விழுங்கிய எண்

"கணினிக் கோளாறு காரணமாகத் தவறு நேர்ந்துவிட்டது" என்று ஓர் அறிக்கை வந்தால், அதை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடுவது எமது தொழிலில் வழக்கம். மழை காரணமாக ஆட்டம் கைவிடப்பட்டது என்று எழுதுவதைப் போலத்தான் இதுவும். மழைக்கு எவரும் பொறுப்பல்ல. ஆகவே மேலும் கேட்பதற்கு ஒன்றுமில்லை. நானும் எனது கையால் அந்த வாசகத்தைப் பலமுறை எழுதியிருக்கிறேன். அது பெரும்பாலான வேளைகளில் பொய் என்பது எனது கட்சி. அதை நிறுவுவதற்கு வெளியே போக வேண்டியதில்லை. எமது அலுவலகத்திலேயே நடந்த கதை ஒன்று இருக்கிறது.

2006 ஆம் ஆண்டு. நான் அப்போது பணியாற்றிய பத்திரிகைக்கு ஓர் இணையப் பதிப்பு இருந்தது. அச்சுப் பதிப்பின் செய்திகளை இரவோடு இரவாக வலையேற்றுவதற்கு இருவர். ஓர் இளைஞர், ஒரு பெண். தளம் வெளிநாட்டில் உள்ள வழங்கி ஒன்றில் வாடகைக்கு இருந்தது. மாத முடிவில் அந்த நிறுவனம் ஓர் அறிக்கை அனுப்பும். எத்தனை பைற் தரவு எமது தளத்திலிருந்து வாசகர்களுக்குச் சென்றது என்பது அதில் ஒற்றை எண்ணாக இருக்கும். நிர்வாகத்தினருக்கு அதுதான் வாசகர் தொகை. அது சரியான அளவுகோல் அன்று. ஆயினும் வேறு அளவுகோல் எம்மிடம் இருக்கவில்லை. எண் மாதாமாதம் ஏறிக்கொண்டே வந்தது.

அவ்வாண்டு ஆகஸ்ட்டில் ஏ-9 வீதி மூடப்பட்டது. யாழ்ப்பாணத்தில் தாய் தந்தையரை விட்டுவிட்டு ரொறன்ரோவிலும் பாரிஸிலும் லண்டனிலும் இருந்தவர்கள் இரவு பகலாக இணையத்தைத் தட்டிக்கொண்டிருந்த காலம் அது. எமது தளம் மணிக்கணக்கில் திறக்க மறுத்தது. அத்தகைய மாதத்திற்கு வந்த அறிக்கையில் இருந்த எண் 2,147,483,647. செப்டெம்பருக்கும் அதே எண். ஒக்டோபருக்கும் அதே. மேலதிகப் போக்குவரத்துக்கான கட்டணமோ தனிச் சீட்டாக வந்து, மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனது.

நிர்வாகத்தின் கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: செலவு ஏறுகிறது, வாசகர் ஏறவில்லை. "வெளிநாட்டு வாசகர் வட்டம் நிரம்பிவிட்டது, இதற்கு மேல் வளராது" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நாமும் தலையாட்டினோம். வலையேற்றம் செய்த இருவரில் அந்தப் பெண்ணின் ஒப்பந்தம் ஆண்டிறுதியுடன் புதுப்பிக்கப்படமாட்டாது என்று முடிவாயிற்று.

மூன்று அறிக்கைகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறுத்தியது. நான் கலைப்பீடத்தில் படித்தவன். கணக்கு எனக்குத் தூரம். ஆனால் மூன்று மாதங்களில் ஒரு பைற் கூடக் கூடாமலும் குறையாமலும் வாசகர்கள் வாசித்தார்கள் என்றால் அதை நம்புவதற்குக் கணக்குத் தெரியாமல் இருந்தால் மட்டும் போதாது. கணினிப் பிரிவில் இருந்த தம்பியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பார்த்த மாத்திரத்திலேயே சிரித்தார். "அண்ணை, இது வாசகர் தொகை இல்லை. பெட்டியின்ரை கொள்ளளவு. பெட்டி நிரம்பிட்டுது. இனி எவ்வளவு ஊத்தினாலும் இதே எண்தான் வரும்."

அவர் விளக்கியதை எனது மொழியில் சொல்கிறேன். தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையை அமைப்பவர் ஒவ்வொரு நிரலுக்கும் எவ்வளவு இடம் என்று முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். வழக்கமான முழுவெண்ணுக்கு 32 பிற் இடம். அதில் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 295. ஆனால் வேறொன்றும் சொல்லாது விட்டால் கணினி அந்த இடத்தில் பாதியை எதிர் எண்களுக்கு ஒதுக்கிவிடும். எஞ்சுவது 214 கோடியே 74 இலட்சத்து 83 ஆயிரத்து 647. எமது அறிக்கையில் மும்முறை வந்த எண் இதுவே. வலையில் சென்ற தரவின் அளவு ஒருபோதும் பூச்சியத்துக்குக் கீழே போகாது. ஆயினும் பாதிப் பெட்டி, வரவே முடியாத விருந்தாளிகளுக்காகக் காலியாக வைக்கப்பட்டிருந்தது. 214 கோடி பைற் என்றால் ஏறத்தாழ இரண்டு கிகாபைற். ஒரு மாத காலத்தில் ஒரு நாளிதழின் தளம் அதைத் தாண்டாது என்று எவரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார்.

எம் ஊரில் கொத்தால் அரிசி அளந்த காலத்தில் கொத்து நிரம்பினால் மிஞ்சியது சாக்கில் சிந்தும். எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இங்கு சிந்தியது தெரிவதில்லை. அக்காலத்தில் பெரும்பாலான தளங்களின் பின்னால் இருந்த தரவுத்தளம் மைஎஸ்கியூஎல். இடத்தை மீறிய எண் ஒன்றை அதன் வழக்கமான அமைப்பில் அதற்குக் கொடுத்தால், அது கொத்தின் வாயோடு வழித்து, கொள்ளக்கூடிய உச்ச எண்ணைப் பதிந்துவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லிவிடும். எச்சரிக்கை ஒன்று எழும். கேட்டவருக்கு மட்டுமே அது காட்டப்படும். கேட்பவர் எவரும் இல்லை. இதே தவறான எண்ணைப் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்திடம் கொடுத்தால் அது ஏற்க மறுத்துப் பிழை என்று கத்தும். ஆக, மௌனமாக வழித்து விடுவது இயற்கை விதி அன்று. ஒருவர் கத்துவதைத் தெரிவு செய்தார், மற்றவர் மௌனத்தைத் தெரிவு செய்தார். மைஎஸ்கியூஎல்லிலும் மறுத்துரைக்கும் கண்டிப்பான முறை 2005 இல் வந்த 5.0 பதிப்பிலிருந்தே இருந்தது. அதைத் தேடி இயக்க வேண்டும். கேளாமலே அது இயங்கும்படி செய்தது 2015 இல் வந்த 5.7 பதிப்பு. இடைப்பட்ட பத்தாண்டுகளில் எத்தனை அட்டவணைகளில் எத்தனை பொய்கள் உறங்கினவோ.

வலைப் போக்குவரத்தை அளப்பவர்களுக்கு இந்த ஆபத்து தெரியாத ஒன்றன்று. ரவுட்டர் போன்ற சாதனங்களை எஸ்.என்.எம்.பி. முறையில் விசாரித்தால், இதுவரை எத்தனை பைற் கடந்தது என்று ஓர் எண்ணி விடை சொல்லும். தொடக்கத்தில் அந்த எண்ணியும் 32 பிற்தான். நிரம்பியதும் அது பூச்சியத்துக்குத் திரும்பி மீண்டும் எண்ணத் தொடங்கும். இதில் பிழையில்லை. வீட்டு மின்மானியும் அப்படித்தான். சென்ற மாதம் 99,990, இம்மாதம் 00,015 என்றால் 25 அலகு பாவித்திருக்கிறோம் என்று மானி வாசிக்க வருபவர் கணக்குப் போடுகிறார். எவரும் அவரைப் பொறியியலாளர் என்று அழைப்பதில்லை. ஆனால் அவருக்குத் தெரிகிறது. அவருடைய கணக்கு சரிவருவதற்கு ஒரே ஒரு நிபந்தனை: இரு வாசிப்புகளுக்கிடையில் மானி ஒரு சுற்றுக்கு மேல் சுற்றியிருக்கக் கூடாது.

அங்குதான் இடிக்கிறது. வினாடிக்கு 10 மெகாபிற் வேகத்தில் முழுமையாக ஓடும் இணைப்பில் அந்த எண்ணி ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 57 நிமிடம் ஆகும். 100 மெகாபிற் என்றால் ஆறு நிமிடத்துக்கும் குறைவு. ஒரு கிகாபிற் என்றால் 34 வினாடி. கண்காணிப்பு மென்பொருள்கள் வழக்கமாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையே வந்து வாசிக்கும். கிகாபிற் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் அந்த ஐந்து நிமிடத்தில் கடப்பது 3,750 கோடி பைற். எண்ணி எட்டு முழுச் சுற்றுகளைச் சுற்றி முடித்திருக்கும். வாசிப்பவருக்கு அகப்படுவது மிச்சமுள்ள 314 கோடி மட்டுமே. கொள்ளளவின் விளிம்பில் மூச்சுத்திணறும் இணைப்பு, வரைபடத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு வேலைதான் செய்வதாக அமைதியாகத் தெரியும். அந்த 314 கோடியையும் கொண்டுபோய் எமது பழைய பெட்டியில் போட்டால் அது 214 கோடியாக வழிக்கப்படும். பொய்யின் மேல் பொய்.

எவரும் எச்சரிக்கவில்லையா என்றால், எச்சரித்தார்கள். 64 பிற் எண்ணி 1990களிலேயே வரையறுக்கப்பட்டுவிட்டது. 2000 ஆம் ஆண்டு வெளியான ஆர்.எவ்.சி. 2863 என்ற ஆவணம், வினாடிக்கு 2 கோடி பிற்றை விஞ்சும் இணைப்புகளில் பைற்றுகளை எண்ணுவதற்கு அந்தப் பெரிய எண்ணி இருந்தே தீர வேண்டும் என்கிறது. காரணத்தையும் சுற்றும் நேரங்களையும் கணக்கோடு அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். எவரும் இலவசமாக வாசிக்கலாம். இதற்குப் பிறகும் "நாம் எதிர்பார்க்கவில்லை" என்று ஒருவர் சொன்னால், "நான் வாசிக்கவில்லை" என்பதையே அவர் கௌரவமாகச் சொல்கிறார்.

இடத்தை மிச்சப்படுத்தினோம் என்பது அடுத்த சாட்டு. மிச்சம் எவ்வளவு என்று பார்ப்போம். 32 பிற் என்பது நான்கு பைற். 64 பிற் என்பது எட்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு வாசிப்பு என்றால் ஓர் இணைப்புக்கு ஆண்டுக்கு 1,05,120 வாசிப்புகள். ஒவ்வொன்றிலும் நான்கு பைற் மிச்சம் பிடித்தால் ஆண்டு முழுவதும் சேமிப்பது 4,20,480 பைற். நாம் சட்டைப்பையில் கொண்டு திரிந்த 1.44 மெகாபைற் பிளொப்பித் தட்டில் மூன்றில் ஒரு பங்கைக்கூட அது நிரப்பாது. இந்தச் சிக்கனத்துக்காகத்தான் உண்மை விற்கப்பட்டது.

மனம் வைத்தால் முடியும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2014 டிசெம்பரில் "கங்னம் ஸ்டைல்" பாடலின் யூரியூப் பார்வைகள் இதே 214 கோடியைக் கடந்தபோது உலகெங்கும் செய்தியாயிற்று. ஆனால் அங்கு ஒன்றும் முறியவில்லை. எண் நெருங்கி வருவதைக் கண்டு முன்னரே பெட்டியை மாற்றிவிட்டிருந்தார்கள். எண் ஏறுகிறது என்றால் எப்போது நிரம்பும் என்று கூறச் சோதிடர் வேண்டியதில்லை.

பாரதூரமான இடங்களிலும் இதே கதைதான். 1996 ஜூன் 4 ஆம் திகதி பிரெஞ்சுக் கயானாவிலிருந்து கிளம்பிய ஏரியன் 5 ரொக்கெட் நாற்பது வினாடிக்குள் சிதறியது. பெரிய எண் ஒன்றை 16 பிற் இடத்துக்குள் திணிக்க முயன்றதே தொடக்கம். விசாரணைக் குழுவின் அறிக்கையை வாசித்தால் தெரியவரும்: ஆபத்துள்ளவை என ஏழு மாறிகள் முன்கூட்டியே இனங்காணப்பட்டிருந்தன. நான்குக்குப் பாதுகாப்பு வைத்தார்கள். கணினியின் வேலைச்சுமையை 80 சதவீதத்துக்குள் வைத்திருப்பதற்காக மூன்றை விட்டுவிட்டார்கள். விட்ட மூன்றில் ஒன்று வெடித்தது. இது கோளாறா, முடிவா?

எனக்கு ஆத்திரமூட்டுவது 2004 செப்டெம்பர் 14 ஆம் திகதி நடந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் பிராந்திய விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையம் வானில் இருந்த விமானங்களுடன் பேசும் வானொலித் தொடர்பை மூன்று மணித்தியாலங்களுக்கு மேல் இழந்தது. மில்லிவினாடிகளை எண்ணும் 32 பிற் கடிகாரம் 49.7 நாளில் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் தொகுதி நின்றுவிடும். இது தெரிந்தே இருந்தது. பரிகாரம் என்ன தெரியுமா? முப்பது நாளுக்கு ஒருமுறை ஒருவர் போய்த் தொகுதியை நிறுத்தி மீள இயக்க வேண்டும். ஒருமுறை அவர் செய்யவில்லை. உடனே "மனிதத் தவறு" என்று அறிவிக்கப்பட்டது. சிறிய பெட்டியை வைத்தவர் மனிதர் அல்லர் போலும். சுவிட்சைத் தட்ட மறந்த கடைநிலை ஊழியர் மட்டுமே மனிதர்.

ஆகவே சக செய்தியாளர்களிடம் கேட்கிறேன். அடுத்த தடவை ஒரு நிறுவனம் கணினிக் கோளாறு என்று அறிக்கை விட்டால் மூன்று கேள்விகளாவது கேளுங்கள். அந்த எண்ணுக்கு எவ்வளவு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது? அதை முடிவு செய்தது யார்? நிரம்பினால் கத்தும்படி வைத்திருந்தீர்களா, மௌனமாக வழிக்கும்படி வைத்திருந்தீர்களா? விடை புரியாவிட்டாலும் எழுதிப் பதியுங்கள். புரிந்தவர் ஒருவர் வாசிப்பார். விளம்பரத்துக்கும் மானியத்துக்கும் வேலைநீக்கத்துக்கும் ஆதாரமாக நீட்டப்படும் புள்ளிவிபரம் ஒவ்வொன்றும் எங்கோ ஒரு நிரலில் இருந்துதான் வருகிறது.

எமது வழங்கி நிறுவனத்துக்குக் கணினிப் பிரிவுத் தம்பி விரிவாக எழுதினார். நிரலை மாற்றினால் போதும் என்று கட்டளை வரியையே எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டு வரியில் பதில் வந்தது: தற்காலிகத் தொழில்நுட்பக் கோளாறு சீர்செய்யப்பட்டுவிட்டது, சிரமத்துக்கு வருந்துகிறோம். டிசெம்பர் மாத அறிக்கையில் எண் 214 கோடியைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. கூட்டத்தில் அதைப் பார்த்தவர்கள் இணையப் பதிப்பு திடீரென வளர்ந்துவிட்டதாக மகிழ்ந்தார்கள். விடுபட்ட மாதங்களின் உண்மையான கணக்கைத் தருமாறு மீண்டும் கேட்டோம். அது எங்கும் பதிவாகவில்லை என்றார்கள். அந்தப் பெண் அதற்குள் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.