சட்டமும் சத்தமும்

"சட்டப்படி சரிதானே?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவனைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். தண்ணீர்ப் பந்தல் வைக்கிறவன் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பக்கத்து வீட்டு ஜன்னலை மறைத்துச் சுவர் எழுப்புகிறவன்தான் கேட்கிறான். சட்டம் அவனுக்கு வழிகாட்டி அல்ல. மழைக்குப் பிடிக்கிற குடை.

போன வருஷம் கலிபோர்னியாவில் என் பெண் வீட்டில் ஐந்து மாதம் இருந்தேன். மாப்பிள்ளை தங்கமானவர். குடி இல்லை, சீட்டு இல்லை. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் ஒரு கார். 1967-ஆம் வருஷத்துப் பான்டியாக் ஜி.டி.ஓ. இந்த ஜாதி வண்டிக்கு அமெரிக்காவில் 'மஸில் கார்' என்று பெயர். நடுத்தரக் குடும்பம் ஏறிப் போகிற அளவான வண்டிக்குள் பெரிய வண்டியின் இஞ்சினைத் தூக்கி வைத்தால் அதுதான் மஸில் கார். பான்டியாக் கம்பெனி 1964-ல் இந்தக் காரியத்தைச் செய்து பேர் வாங்கியது. மாப்பிள்ளையின் வண்டியில் 400 கன அங்குல இஞ்சின். 335 குதிரை சக்தி. ஆபீசுக்குப் போய் வர இத்தனை குதிரை எதற்கு என்று நான் கேட்கவில்லை. மாமனார் கேட்கக் கூடாத கேள்விகளில் அதுவும் ஒன்று.

அந்த வண்டியின் புகைக்குழாய் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. புதிதாக ஒன்று பொறுக்க வேண்டும். அதிலிருந்து பிடித்தது சனியன்.

புகைக்குழாயின் நடுவே தொங்குகிற பெட்டிக்கு நம் ஊரில் சைலன்ஸர் என்று பெயர். அவர்கள் மஃப்ளர் என்கிறார்கள். நமக்கு மஃப்ளர் என்றால் மார்கழிக் குளிரில் தாத்தா கழுத்தில் சுற்றிக்கொள்வது. எந்தப் பெயரால் கூப்பிட்டாலும் அதன் தொழில் சத்தத்தை அடக்குவதுதான். வாயை மூடுவதற்கென்றே பிறந்த சாமானை, 'எங்கள் சரக்கு எப்படிக் கர்ஜிக்கிறது, கேளுங்கள்!' என்று சொல்லி விற்பதற்கு அங்கே கடைகள் இருக்கின்றன. மாப்பிள்ளை அப்படி ஒரு கடைக்குப் போனார். கடைக்காரர் சொன்னாராம்: "உங்கள் வண்டி பழசு. சட்டம் உங்களைத் தொடாது. எதை வேண்டுமானாலும் மாட்டலாம்."

இது பாதி உண்மை. பாதி உண்மையைப்போல நன்றாக விலைபோகும் பொய் வேறு இல்லை.

விஷயம் இதுதான். அங்கே சட்டம் இரண்டு: ஒன்று புகைக்கு, மற்றொன்று சத்தத்துக்கு. கலிபோர்னியாவில் 1975-ஆம் வருஷமும் அதற்கு முந்தியும் செய்த பெட்ரோல் கார்களுக்குப் புகைப் பரிசோதனையிலிருந்து விலக்கு உண்டு. புதிய கார்களில் புகையைச் சுத்தம் செய்கிற காடலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் குழாயை மாற்றலாம். கன்வெர்ட்டரையோ அதற்கு முன்னால் இருப்பதையோ மாற்றினால், அந்தச் சாமானுக்கு மாகாணக் காற்று வாரியத்தின் உத்தரவு எண் இருக்க வேண்டும். இதெல்லாம் புகைச் சட்டம். சத்தச் சட்டமோ வயதைப் பார்த்து மரியாதை செய்வதில்லை. பழசானாலும் புதுசானாலும் சைலன்ஸர் இருக்க வேண்டும். அதைத் தாண்டிப் புகை போகக் குறுக்கு வழி வைக்கக் கூடாது. 6,000 ராத்தலுக்கு உட்பட்ட காரின் சத்தம் 95 டெஸிபலைத் தாண்டக் கூடாது. கடைக்காரர் புகைக்குக் கிடைத்த விலக்கைச் சத்தத்துக்கும் சேர்த்து விற்றுவிட்டார். ஆகையால், ஒரு சாமானின்மேல் 'சட்டபூர்வமானது' என்று சீட்டு ஒட்டியிருந்தால், எந்தச் சட்டம் என்று கேளுங்கள்.

மாப்பிள்ளை மாட்டிக்கொண்டு வந்தது, ஓட்டை போட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி நாரை அடைத்த, நேராகப் புகை போகிற ரகம். முதல் நாள் காலையில் சாவியைத் திருப்பினார். நான் காப்பி டம்ளரைக் கீழே போட்டேன். சமையலறை அலமாரியில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. "எப்படி இருக்கிறது மாமா?" என்றார். "கம்பீரமாக இருக்கிறது" என்றேன். கோழைத்தனம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த வீட்டில் ஒரு அம்மாள் இருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி வேலை. காலை ஏழரைக்கு வீடு திரும்பித் திரையை இழுத்துவிட்டுத் தூங்குவாள். மாப்பிள்ளை எட்டு மணிக்கு இஞ்சினைக் கிளப்பி, சூடாகட்டும் என்று ஐந்து நிமிஷம் உறும விடுவார். மூன்றாவது வாரம் அந்த அம்மாள் எங்கள் கதவைத் தட்டினாள். சண்டைக்கு வந்திருந்தால் மாப்பிள்ளை ஜயித்திருப்பார். அவள் சண்டைக்கு வரவில்லை. "எந்தெந்த நாளில் இந்தக் காரை எடுப்பீர்கள் என்று எழுதிக் கொடுக்க முடியுமா? அந்த நாட்களில் என் தங்கை வீட்டில் போய்த் தூங்கிக்கொள்கிறேன்" என்றாள்.

மாப்பிள்ளை, அளந்து வாங்கியிருந்த சீட்டை எடுத்துக் காட்டினார். "93 டெஸிபல். சட்டம் 95 வரை அனுமதிக்கிறது."

"சரியாகத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அந்த இரண்டு வார்த்தை அன்று முழுவதும் என் காதில் ஒலித்தது, காரைவிடப் பலமாக.

ஐயா, 95 என்பது என்ன? நிறுத்தி வைத்த வண்டியின் புகைக்குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தூரத்தில் கருவியை வைத்து அளக்கிற ஒரு பரீட்சை. போலீஸ்காரரும் கோர்ட்டும் தகராறில்லாமல் தீர்ப்புச் சொல்ல ஏற்பட்ட கோடு. அந்தக் கருவிக்குக் காலை எட்டு மணியும் தெரியாது, ராத்திரி முழுவதும் நோயாளிகளுக்காகக் கண்விழித்தவளும் தெரியாது. டெஸிபல் கணக்கு முழம் போடுகிற கணக்கும் அல்ல. பத்து டெஸிபல் ஏறினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு; காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 93-க்கும் 83-க்கும் இடையே ஒரு மனுஷியின் தூக்கமே அடங்கிவிடும். 'வரம்புக்குள் இருக்கிறேன்' என்று மார்தட்டுவது, பரீட்சையில் முப்பத்தைந்து மார்க்கு வாங்கினவன் தன்னைப் பண்டிதன் என்று சொல்லிக்கொள்வதைப் போன்றது.

"அந்தச் சத்தம்தான் வண்டியின் உயிர்" என்பார்கள் ரசிகர்கள். ரசனையை நான் பரிகாசம் செய்ய மாட்டேன். தவில் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்த இஞ்சினின் குரலில் ஒரு தாளம் இருப்பது எனக்கும் கேட்கிறது. பக்கத்துக்கு நாலாக எட்டு ஸிலிண்டர்கள். எட்டும் சீரான இடைவெளியில் வெடிக்கின்றன. ஆனால் ஒரு பக்கத்து நாலை மட்டும் எடுத்துக்கொண்டால் இடைவெளி சீராக இல்லை. அந்த ஏற்றத்தாழ்வுதான் குதிரைப் பாய்ச்சல்போல் கேட்கிறது. ஆகவே, தாளம் பிறப்பது வெடிக்கிற வரிசையிலே. உரக்கக் கத்துவதிலே அல்ல. தடுப்பறைகள் வைத்த நல்ல சைலன்ஸரும், இரண்டு பக்கத்துக் குழாய்களையும் இணைக்கிற ஒரு குறுக்குக் குழாயும் போட்டால், குரல் மாறும், அடங்கும், தாளம் போகாது. தவிலில் சொற்கட்டு தெரியாதவன்தான் ஓங்கி அடிப்பான்.

ஓட்டுகிறவராவது சுகப்பட்டாரா? அதுவும் இல்லை. நெடுஞ்சாலையில் இஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றும்போது, விநாடிக்கு 133 வெடிப்பு. அந்த ஒரே சுருதி வண்டிக்குள் புகுந்து, மண்டைக்குள் வண்டு குடைகிற மாதிரி ரீங்காரம் செய்யும். என் பெண் ஒரு முறை கூடப் போய்விட்டுத் தலைவலித் தைலத்தோடு படுத்தாள். மாப்பிள்ளைக்கும் வலித்திருக்கும். காசு கொடுத்து வாங்கின வலியை யார் வெளியே சொல்லுவார்கள்?

கார் செய்கிறவர்களே இதை அறிவார்கள். ஃபோர்டு கம்பெனியில் பொறியியல் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஒருவர், தம் வீட்டிலிருந்து ஷெல்பி மஸ்டாங் காரை எடுத்தபோது, சத்தம் பொறுக்காமல் அண்டை வீட்டார் போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் டெஸிபல் சீட்டைத் தேடவில்லை. சத்தம் அடங்கிக் கிளம்புகிற ஏற்பாட்டைத் தேடினார். 2018-ஆம் வருஷத்து மஸ்டாங்கில் அந்த ஏற்பாடு வந்தது. இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை அடங்கிக் கிளம்பு என்று வண்டிக்கே சொல்லி வைக்கலாம். சத்தம் பத்து டெஸிபல் குறைந்து 72-க்கு இறங்கும். மனிதனுக்கு வெட்கம் வந்தால் இயந்திரமும் நாகரிகம் கற்றுக்கொள்கிறது.

இன்னொரு கம்பெனியின் கதை நேர்மாறு. டாட்ஜ் கம்பெனி 2022-ல் மின்சாரத்தில் ஓடுகிற ஒரு மாதிரிக் காரைக் காட்டியது. அதில் பெட்ரோல் இல்லை, வெடிப்பு இல்லை, புகை இல்லை. இருந்தும் 126 டெஸிபல்வரை கத்துவதற்கு ஒரு செயற்கைப் புகைக்குழாய் வைத்திருந்தார்கள்! சத்தம் இஞ்சினின் உயிர் என்ற வாதம் அன்றோடு செத்தது. இஞ்சினே இல்லாத இடத்தில் உயிர் ஏது? ஊரார் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் மிச்சம்.

ஒரு சனிக்கிழமை காலை வாயைத் திறந்தேன். "மாப்பிள்ளை, எனக்காக ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் அந்த அம்மாள் வீட்டு ஜன்னல் பக்கம் போய் நில்லுங்கள். சாவியைக் குழந்தை போடட்டும்." என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் போய் நின்றார். அன்று அவள் தங்கை வீட்டில் இருந்தாள். என் பெண் சாவியைத் திருப்பினாள். அத்தனை நாளும் தம் காரை அவர் உள்ளே உட்கார்ந்து கேட்டவர். வெளியே நின்று கேட்டது அன்றுதான். திரும்பி வந்து ஒன்றும் பேசாமல் கையைக் கழுவிக்கொண்டார்.

புகைக்குழாய் பொறுக்குகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த யோசனை அவ்வளவுதான். சீட்டைப் படியுங்கள், சட்டத்தையும் படியுங்கள். கடைசியில் அடுத்த வீட்டு ஜன்னலடியில் நின்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

அடுத்த வாரம் தடுப்பறை வைத்த சைலன்ஸர் இரண்டும், ரீங்காரத்தை விழுங்குகிற சின்னப் பெட்டிகள் இரண்டும் மாட்டினார்கள். குதிரைப் பாய்ச்சல் அப்படியே இருந்தது. தூரத்தில் ஓடுகிற குதிரை. மாப்பிள்ளை அந்த அம்மாளிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

நான் ஊருக்குக் கிளம்பிய நாள் காலை பத்து மணி. அந்தக் காரிலேயே விமான நிலையத்துக்குப் போனோம். வண்டி கிளம்பும்போது அடுத்த வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். வாசலில் அவள் கார் நின்றது. ஜன்னல் திரை மூடியிருந்தது, அசையவில்லை.