பில்லில் இருக்கிற 10 வீதம் ஆருக்கு?

சாப்பாட்டுக்கடையில் சேர்வராய் நிற்கிற பொடியனுக்கும் பிள்ளைக்கும் அறிவுரை சொல்ல ஊரில் ஆள் பஞ்சமில்லை. பொறுமையாய் இரு. சிரிச்ச முகத்தோட நில்லு. கஸ்ரமர் ஏசினால் இந்தக் காதால வாங்கி அந்தக் காதால விடு. இண்டைக்கு ரிப்ஸ் கிடைக்கேல்லையோ, நாளைக்குக் கிடைக்கும். ஏற்ற இறக்கம் எந்த வேலையிலதான் இல்லை, சமாளிக்கப் பழகு. இவ்வளவும் சொல்லி முடிய வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோவும் வரும். பெரிய பெரிய பணக்காரர் எல்லாம் ஒருகாலத்தில் மேசை துடைச்சவையாம்.

எங்கள் குழுவில் சிலர் யாழ்ப்பாணத்திலும் வெள்ளவத்தையிலும் இந்த வேலை செய்தவர்கள். ஒருவர் இப்பவும் செய்கிறார். அவர்களோடு இருந்து கதைத்துக் கதைத்து நாங்கள் வந்து சேர்ந்த இடம் வேறு. சேர்வரின் ஏற்ற இறக்கம் மழை வெயில் மாதிரித் தானாக வருவதில்லை. கடைக்கு வருகிற இறக்கத்தை அவரின் தலையில் இறக்கிவிட்டு, ஏற்றத்தை லாச்சிக்குள் பூட்டி வைக்கிற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அந்த ஏற்பாட்டைத் தொடாமல் அவரிடம் மனத்தைரியம் கேட்பது அறிவுரை இல்லை. முதலாளிக்குச் செய்கிற உதவி.

முதலில் இது என்ன வேலை என்று சொல்லவேணும். ‘சும்மா கோப்பை தூக்கிற வேலை’ என்று நினைக்கிறவர்கள் இதை வாசிக்கிறவர்களிலும் இருப்பீர்கள். இரவு ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில் ஒரு கொத்துக்கடையை யோசித்துப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஏழு மேசை. மூன்றாம் மேசைக்கு முட்டை போடக்கூடாது. ஐந்தாம் மேசையில் இருக்கிற அம்மம்மாவுக்கு உறைப்பு ஆகாது. ஆறாம் மேசைக்காரர் “இன்னும் வரேல்லையோ” என்று மூன்றாம் தரம் கேட்டுவிட்டார். கொத்துத் தட்டுகிற சத்தத்தில் வாயால் சொன்னால் உள்ளே கேட்காது, ஓடர் துண்டைக் கண்ணுக்கு முன்னால் நீட்டவேணும். பிந்தினது குசினியில், ஏச்சு விழுவது சேர்வருக்கு. பில்லைப் பிழையாக அடித்தது கஷியர், “சொறி” சொல்வது சேர்வர். கடையில் எங்கே ஓட்டை விழுந்தாலும் அதை அடைப்பது அவரின் முகம்தான். அந்த முகம் சிரித்தபடி இருக்கவும் வேணுமாம்.

நேரக் கணக்கு இதைவிட மோசம். காலை பத்துக்கு வந்து மூன்று மணிக்குப் ‘பிரேக்’, பிறகு ஐந்துக்கு வந்து பதினொன்று வரை. நடுவில் இருக்கிற இரண்டு மணித்தியாலம் வேலைக் கணக்கில் வராது. வீடு பருத்தித்துறையில் என்றால் அதற்குள் எங்கே போய் எங்கே வருவது? கடைக்குப் பின்னால் வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் அட்டை விரித்துப் படுக்கிறதுதான். 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று சொல்கிறது. அதற்கு மேலே போனால் மேலதிக நேரக் கொடுப்பனவு. சட்டத்துக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. எங்கள் ஆட்கள் வேலை செய்த கடைகளில் அதைக் கேள்விப்பட்ட மனேஜரை அவர்கள் சந்திக்கவில்லை. மேசைகள் வெறுமையாகக் கிடக்கிற பின்னேரத்தில்கூட இருக்கக்கூடாது, ‘கஸ்ரமர் பார்த்தால் வடிவில்லை’. கேரளா 2018 இலும் தமிழ்நாடு 2021 இலும் கடைகளில் ஊழியர் இருக்க இருக்கை வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தின. அங்கே ஒருவருக்கும் வடிவு குறைந்ததாய்த் தெரியவில்லை.

நல்ல பக்கமும் இருக்கு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வேலை செய்கிறவர்களே எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரு சனிக்கிழமை இரவை ஒரு பிழையும் இல்லாமல் ஓடி முடித்தால் வருகிற சந்தோசம் தனி. “அந்தத் தம்பி எங்க, அவர் வரட்டும்” என்று காத்திருந்து ஓடர் கொடுக்கிற ஐயாமார் இருக்கினம். பூட்டினபிறகு குசினி அண்ணை எடுத்து வைத்த கறியோடு எல்லாரும் ஒரு சட்டியைச் சுற்றி இருந்து சாப்பிடுவது இருக்கு. ஹற்றனில் இருந்து கொழும்புக்கு வந்த பொடியன் ஆறு மாதத்தில் சிங்களம் கதைப்பான். பள்ளிக்கூடம் பத்து வருசத்தில் செய்யாத வேலை அது. இதெல்லாம் உண்மை. ஆனால் இவை அந்த ஆட்கள் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்டவை. கடை கொடுத்தவை இல்லை. ஆகவே சம்பளத்தில் இவற்றைக் கழிக்கவும் ஏலாது.

இப்ப இறக்கத்துக்கு வருவம். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு விடுதிகளும் உணவகங்களும் வெறிச்சோடின. அடுத்த வருசம் கொரோனா ஊரடங்கு. 2022 இல் காஸ் சிலிண்டருக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, நாள் முழுக்க மின்வெட்டு. விறகு அடுப்புக்கு மாறித் தாக்குப்பிடித்த கடைகளும் உண்டு, பூட்டின கடைகளும் உண்டு. ஒவ்வொரு முறையும் முதலில் வீட்டுக்குப் போனது சேர்வர். “நிலைமை சரிவரட்டும், கூப்பிடுறன்.” 2024 இல் நாட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். நிலைமை சரிவந்ததுதான். கூப்பிட்டார்கள், பழைய சம்பளத்துக்கு. இடையில் அரிசி விலையும் பஸ் காசும் எங்கே போய் நின்றன என்று உங்களுக்கே தெரியும்.

யாழ்ப்பாணத்தில் இதைவிட ஒரு பருவமும் உண்டு. நல்லூர் கொடியேறினால் 25 நாளைக்குப் பல வீடுகளில் மச்சம் இல்லை. சைவக்கடைச் சேர்வருக்கு மூச்சு விட நேரமில்லை, மச்சக்கடைச் சேர்வருக்கு “தீர்த்தம் முடிய வாரும் தம்பி”. வருசா வருசம் வருகிற திருவிழா. திகதி கலண்டரில் அச்சடிச்சுக் கிடக்கு. அந்த மாதத்துக்கு என்று முன்கூட்டியே ஒரு கணக்கு ஒதுக்க முதலாளிக்கு ஏலும். பதினெட்டாயிரம் ரூபாய் மோட்டார்சைக்கிள் லீசிங் கட்டுகிற பொடியனுக்கு ஏலாது. ஆனால் ‘சமாளி’ என்று சொல்லப்படுவது அந்தப் பொடியனுக்குத்தான்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கு. சிரித்தால் “நம்பர் தாரும்”, சிரிக்காவிட்டால் “திமிர்”. மனேஜரிடம் சொன்னால், “அவர் ரெகுலர் கஸ்ரமர், விடும் பிள்ளை.” இரவு பதினொன்றுக்கு அவர் வீட்டுக்கு எப்படிப் போகிறார் என்பது கடையின் பிரச்சினை இல்லையாம்.

சரி, தலைப்பில் சொன்ன கணக்கு. கொஞ்சம் பெரிய ரெஸ்ரோறண்டில் சாப்பிட்டால் பில்லின் அடியில் சேர்விஸ் சார்ஜ் 10 வீதம் என்று ஒரு வரி இருக்கும். அதுக்குப் பக்கத்தில் வற் 18 வீதமும் இருந்தால் பலர் ரெண்டையும் ஒண்டு எண்டு நினைச்சுக் கட்டிவிட்டு எழும்புகினம். ரெண்டும் ஒன்றில்லை. வற் அரசாங்கத்துக்குப் போகவேண்டியது. சேர்விஸ் சார்ஜ் கடைக்கு வருவது, அதுவும் பரிமாறின ஆட்களின் பெயரைச் சொல்லி வாங்குவது. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் ரூபாய் வியாபாரம் நடக்கிற கடை என்று வைப்போம். 10 வீதம் என்றால் பத்தாயிரம். குசினியும் சேர்த்து இருபது பேர் என்றால் தலைக்கு நாளுக்கு 500, மாதம் 26 நாளுக்கு 13,000. 2026 ஜனவரியிலிருந்து நாட்டின் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதுக்குக் கிட்டமுட்ட அரைவாசிக் காசு இந்த ஒரு வரியில் கிடக்கு. கொஞ்சக் காசில்லை.

அந்தக் காசு எங்கே போகுது? எங்கள் ஆட்கள் கேட்ட விளக்கங்கள் பலவிதம். “உன்ர சம்பளத்துக்குள்ள அதுவும் அடக்கம்” என்பது ஒன்று. “உடைஞ்ச கோப்பைக்குக் கழிச்சாச்சு” என்பது இன்னொன்று. அந்த மாதம் உடைந்த கோப்பைகளை உண்மையாக எண்ணிப் பார்த்தால் ஒரு கல்யாண வீட்டுக்குக் காணும். சேர்விஸ் சார்ஜ் பில்லில் விழுகிறபடியால் கஸ்ரமர் ரிப்ஸ் வைப்பதும் குறைவு. ஆக அந்த வரியால் சேர்வருக்கு இருந்ததும் போகிறது.

இதைக் கேட்டால் முதலாளிமார் சொல்லுவினம்: கரண்ட் பில் தெரியுமோ, காஸ் விலை தெரியுமோ, கடை வாடகை தெரியுமோ. தெரியும். சின்னக் கடை நடத்துவது லேசில்லை என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. அப்படியென்றால் கொத்தின் விலையைக் கூட்டுங்கோ. கரண்ட் பில்லுக்கு வாங்கிற காசுக்கு ‘சேவைக் கட்டணம்’ என்று பெயர் வைக்கவேண்டாம். இன்னொன்றும் சொல்லுவினம்: “இந்தக்காலப் பொடியள் நிக்கிறாங்கள் இல்லை, எல்லாம் வெளிநாடு போகத்தான் நிக்கிறாங்கள்.” மாதக்கடைசியில் கையில் எவ்வளவு வரும் என்று தெரியாத இடத்தில் ஆர் நிக்கிறது?

வெளிநாடு என்றவுடன் ஒன்று சொல்லவேணும். பாரிசில் கோப்பை கழுவி, ஸ்காபரோவில் குசினியில் நின்று, லண்டனில் மேசை துடைத்து வந்த காசில் நிமிர்ந்த வீடுகள் எங்கட ஊரில் எத்தனை? அந்த வேலையைப் பற்றி எங்கட புலம்பெயர் எழுத்தாளர்கள் எழுதின கதைகளை வாசித்துக் கண் கலங்கினவர்கள் நாங்கள். ஆனால் ஓகஸ்டில் லீவுக்கு வந்து, குடும்பத்தோடு கடையில் இருந்து, விரலைச் சொடுக்கிப் பொடியனைக் கூப்பிடுகிறவர்களில் அதே குசினியில் நின்றவர்களும் இருக்கினம். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பைப் பாருங்கோ. ஒன்ராறியோவில் 2016 இலிருந்து ஊழியரின் ரிப்ஸை முதலாளி பிடித்து வைக்க ஏலாது. பிரித்தானியாவில் 2024 ஒக்ரோபர் 1 இலிருந்து ரிப்ஸும் சேர்விஸ் சார்ஜும் முழுவதும் ஊழியருக்கே போகவேணும் என்று சட்டம். அங்கே உரிமை, இங்கே விரல் சொடுக்கு. லீவுக்கு வருகிற சித்தப்பா இந்த ஒரு செய்தியை ஊர் முதலாளி நண்பருக்குச் சொன்னாலே போதும், சொக்லேற் தேவையில்லை.

எங்கள் சமூகத்தில் இந்த வேலைக்கு இருக்கிற இளக்காரத்துக்கு வேர் ஆழம். ‘எச்சில் கோப்பை எடுக்கிற வேலை’ என்று வீட்டில் மறைப்பார்கள், கல்யாணம் பேசும்போது ‘ஹொட்டேல் மனேஜ்மென்ற்’ ஆக்கிவிடுவார்கள். எச்சில் என்ற சொல்லைத் தோண்டினால் கீழே கிடப்பது சாதி. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தபிறகும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உள்ளே இருக்கை இல்லை, அதே கோப்பையில் தேத்தண்ணி இல்லை. 1960களின் பிற்பகுதியில் சங்கானை தொடங்கிப் பல ஊர்களில் அடிபட்டு, உயிர் கொடுத்துத்தான் அந்தக் கதவுகள் திறந்தன. மேசையில் ஆர் இருக்கலாம் என்ற கேள்விக்கு அந்தத் தலைமுறை பதில் வாங்கியது. மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறவரை எப்படி நடத்துகிறோம் என்ற கேள்வி இன்னும் அப்படியே கிடக்கு.

புதுக்கடை திறந்தால் முதல் நாளே கமெராவோடு போய் நிற்கிற எங்கள் வயது ஆட்களிடமும் கேட்க இருக்கு. கொத்தில் சீஸ் இழுபடுவதைப் பத்துத் தரம் காட்டுகிறீர்கள். ‘சேர்விஸ் மோசம்’ என்று சேர்வரின் பெயர்ப்பட்டியையும் சேர்த்துப் படம் பிடித்துப் போடுகிறீர்கள். அந்த ஆள் அன்றைக்கு எத்தனையாவது மணித்தியாலத்தில் நிற்கிறார் என்று ஒருக்கால் கேளுங்கோவன்.

சேர்வர் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு விசயம். “ஈபிஎஃப் வெட்டாமல் முழுசாய்க் கையில தாறன்” என்பது சலுகை மாதிரிக் கேட்கும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர் கட்டவேண்டியது இன்னும் 3 வீதம். 30,000 சம்பளத்தில் முதலாளி கட்டவேண்டியது மட்டும் மாதம் 4,500. ஐந்து வருசத்தில் வட்டி இல்லாமலே 2,70,000 ரூபாய். ‘முழுசாய்க் கையில’ என்று சொல்லி அவர் தன் பைக்குள் வைத்திருப்பது அந்தக் காசு. தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். வேலை செய்த நாள்கள், நேரம், வாங்கின சம்பளம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வையுங்கோ. ஃபோனில் எழுதினாலும் பரவாயில்லை.

சாப்பிடப் போகிறவர்களுக்கு வேலை இன்னும் சுகம். பில் வந்ததும், சேர்வரிடம் இல்லை, கஷியரிடம் கேளுங்கோ: “இந்த 10 வீதம் உங்கட ஆட்களுக்குப் போகுதோ?” போன மாதம் நாங்கள் சில கடைகளில் கேட்டுப் பார்த்தோம். ஒருவர் சிரித்தார். ஒருவர் “நீங்கள் லேபர் ஒஃபிசோ?” என்று கேட்டார். ஒரு கடையில் மட்டும் மனேஜர் எழும்பி எங்களைக் குசினிக் கதவடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு தாள் ஒட்டியிருந்தது. மாதச் சேர்விஸ் சார்ஜ் மொத்தம், தலைக்கு எவ்வளவு, பக்கத்தில் பதினாலு கையெழுத்து. பாத்திரம் கழுவுகிற அம்மாவின் கையெழுத்தும் அதில் இருந்தது. பெரிய கடையும் இல்லை, ஏசியும் இல்லை. எங்களுக்குப் பரிமாறின அண்ணை நாலாவது வருசமாய் அங்கேதான் நிற்கிறாராம்.