மூடியை நம்பி இன்னொரு கோடையா?

ஒற்றை வடிகால் உள்ள பொது நீச்சல் குளங்கள் இரண்டாவது காப்பு ஒன்றைப் பொருத்த, 2012 மே 28-ஆம் தேதியோடு முடிய வேண்டிய கெடுவை 2013 மே 23 வரை நீட்டித்துவிட்டது அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம். தேதிகளைப் பார்த்தாலே விபரீதம் புரியும். அமெரிக்காவில் வெளிப்புற நீச்சல் குளங்கள் பெரும்பாலும் மெமோரியல் டே விடுமுறையில்தான் திறக்கும். 2012-இல் மே 28-தான் அந்த நாள். புதிய கெடுவோ 2013 விடுமுறைக்கு முந்தைய வியாழக்கிழமை முடிவதாக இருந்தது. ஆக, 2012 கோடை முழுக்கப் பிள்ளைகள் பழைய வடிகாலின் மேலேதான் நீந்த வேண்டியிருந்தது.

2011 அக்டோபர் 11-க்குள் வடிகால்மேல் பெரிய மூடி பொருத்திவிட்ட அபார்ட்மென்ட், ஓட்டல், கிளப் குளங்களுக்கு இந்தச் சலுகை கிடைத்தது. பெரிய மூடியே போதும் என்ற ஆணையத்தின் பழைய விளக்கத்தை நம்பிச் செலவு செய்தோம், மறுபடி செலவு செய்ய அவகாசம் வேண்டாமா என்று நிர்வாகிகள் கேட்டார்கள். கேள்வி நியாயம்தான். அதற்கான விலையைக் குழந்தைகள் தலையில் கட்டுவதுதான் அநியாயம்.

குளத்தின் அடியில் ஒரே ஒரு வடிகால் இருந்து, அதை ஓர் உடல் அடைத்துக்கொண்டால், பம்பு இழுக்கிற விசை முழுவதும் அந்த உடல்மீது விழும். 2002-இல் வர்ஜீனியாவில் வெந்நீர்த் தொட்டி ஒன்றில் ஏழு வயதுச் சிறுமி இப்படித்தான் சிக்கினாள். தாயால் மகளை மீட்க முடியவில்லை. ஆண்கள் இருவர் சேர்ந்து இழுத்த வேகத்தில் வடிகால் மூடியே உடைந்தது, சிறுமி பிழைக்கவில்லை. 2007-இல் மினியாபொலிஸ் அருகே கிளப் குளம் ஒன்றில் ஆறு வயதுச் சிறுமியின் குடலை வடிகால் கிழித்தது. உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகும் அடுத்த மார்ச்சில் அவள் இறந்துபோனாள்.

முதல் சிறுமியின் பெயரில் 2007 டிசம்பரில் கையெழுத்தான சட்டம் தெளிவாகவே பேசுகிறது. ஒற்றை வடிகால் உள்ள பொதுக் குளத்துக்கு மூடி மட்டும் போதாது. ஆள் சிக்கினால் உறிஞ்சலை விடுவிக்கும் கருவியோ, பம்பைத் தானாக நிறுத்தும் அமைப்போ, அதுபோன்ற இரண்டாவது காப்பு ஒன்று வேண்டும். உடலால் அடைக்கவே முடியாத அளவு பெரிய வடிகாலுக்கு மட்டுமே விலக்கு.

அந்த விலக்கைத்தான் 2010 ஏப்ரலில் ஆணையம் ஓட்டையாக்கியது. சின்னக் குழியின்மேல் பெரிய மூடி போட்டால் அதுவும் அடைக்க முடியாத வடிகாலே என்று 3-2 வாக்கில் முடிவெடுத்தார்கள். மூடி கழன்றால் அடியில் இருப்பது அதே சின்னக் குழி! அப்போதே இரண்டு உறுப்பினர்கள் எதிர்த்தார்கள், காதில் ஏறவில்லை. 2011 செப்டம்பரில் ஒருவர் மனம் மாறி வாக்கை மாற்றியதும், அதே 3-2 கணக்கில் விளக்கம் ரத்தானது. பதினேழு மாதம் வீண்.

மூடியின் லட்சணமாவது தெரியாதா? 2011 மே மாதம், கோடை தொடங்கும் வாரத்தில், எட்டு நிறுவனங்களின் சுமார் பத்து லட்சம் வடிகால் மூடிகள் திரும்பப் பெறப்பட்டன. எவ்வளவு நீரோட்டம்வரை பாதுகாப்பு என்று அவற்றில் குறித்திருந்த அளவே தவறு. அந்த மூடிகளைச் சட்டப்படி சரியானவை என்று நம்பித்தான் நிர்வாகிகள் காசு கொடுத்து வாங்கினார்கள். கண்காணிக்க வேண்டியவர்கள் அதுவரை எங்கே இருந்தார்கள்? மூடி தோற்கும் என்பதை இதைவிடப் பளிச்சென்று யார் காட்ட முடியும்? அதைக் கண்ணால் பார்த்தவர்களே, அதே மூடியை நம்பி இன்னும் ஓராண்டு இருங்கள் என்று குளங்களுக்கு அனுமதி தந்தார்கள். இதற்குப் பெயர் அவகாசம் இல்லை, அலட்சியம்.

ஆணையம் அப்போதாவது சட்டத்தின் நோக்கத்துக்கு உண்மையாக நடந்திருக்க வேண்டும். செலவுதான் தடை என்றால் அதற்கு வேறு வழி கண்டிருக்க வேண்டும். நிர்வாகிகளும் நீட்டித்த கெடுவைக் கேடயமாகப் பிடித்திருக்கக் கூடாது. இரண்டாவது காப்பு இல்லாத ஒற்றை வடிகால் குளம் எதுவும் 2012 மெமோரியல் டே அன்று திறக்கப்பட்டிருக்கக் கூடாது.