ஊர் மாறினால் பாவம் போகுமா?

லீவுக்கு வந்திருக்கும் பேரன் பத்து நாளாகக் கம்ப்யூட்டர் முன்னால் விண்கலம் ஓட்டிக்கொண்டிருக்கிறான். "கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுடா" என்றேன். உள்ளேயிருந்து என் மகன் குரல் கொடுத்தான்: "விடுங்கப்பா, அதுல அவன் வியாபாரம் கத்துக்கிறான்."

லாங் பஜாரில் ஒரு மளிகை மண்டியில் 38 வருஷம் கணக்கு எழுதியவன் நான். வியாபாரம் என்ற சொல் காதில் விழுந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேரன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள் பார்த்தேன்.

அவன் ஆடுவது ஊலைட். 1984இல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டருக்காக எழுதிய எலைட் என்ற ஆட்டத்தின் இலவச மறுபிறவி. அந்தக் காலத்தில் நம் மத்திய அரசு கிளாஸ் என்ற திட்டத்தில் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்ததும் அதே பிபிசி மைக்ரோதான். அதன் 32 கிலோபைட்டுக்குள் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள்! அந்த மூளைக்கு ஒரு கும்பிடு. ஆட்டத்துக்குக் கதையும் இல்லை, முடிவும் இல்லை. 100 கிரெடிட் பணமும் ஒரு கலமும் கொடுத்து, பிழைத்துக்கொள் என்று விட்டுவிடுகிறார்கள். விவசாய உலகில் உணவை மலிவாக வாங்கித் தொழில் உலகில் விற்கலாம். கொள்ளைக்காரனைச் சுடலாம், நாமே கொள்ளையடிக்கவும் செய்யலாம்.

ஆட்டம் அருமை. ஆனால் இதுவா வியாபாரம்?

நம் நேதாஜி மார்க்கெட்டில் ஒருவர் காலையில் இருபது மூட்டை மிளகாய் கேட்டால் போதும், பத்து மணிக்குள் விலை ஏறிவிடும். எலைட்டில் இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டாலும் கடைசி டன்னுக்கும் முதல் டன்னின் விலைதான்.

பணத்துக்குப் பெயர் கிரெடிட், ஆனால் கடன் சொல்ல ஓர் ஆள் கிடையாது. எங்கள் மண்டியில் பாதி வியாபாரம் பேரேட்டில்தான் நடந்தது. மகள் கல்யாணம், தவணை தள்ளிப்போகும் என்று வந்து நிற்பவரின் முகத்தைப் பார்த்து முதலாளி தலையாட்டுவார். அந்த முகத்தைப் படிப்பதுதான் தொழில். ஆட்டத்தில் நாணயம் உண்டு, ஆனால் நாணயஸ்தன் என்று பேர் எடுக்க வழியில்லை. எலைட் என்ற பட்டம் கூட லாபத்துக்குக் கிடைப்பதில்லை. 6400 கலங்களைச் சுட்டு வீழ்த்தினால் கிடைக்கிறது.

என்னை உறுத்தியது வேறொன்று. சரக்குப் பட்டியலில் உணவு, துணி, மதுவோடு சேர்த்து அடிமைகளும் இருக்கிறார்கள். ஏற்றிச் சென்றால் போலீஸ் துரத்தும். "மாட்டிக்கிட்டா என்னடா பண்ணுவே?" என்று கேட்டேன். "வேற உலகத்துக்குத் தாவிட்டா குத்தம் பாதியாயிடும் தாத்தா, இன்னும் சில தடவை தாவினா மறந்தே போயிடுவாங்க" என்றான். எலைட்டில் உண்மையாகவே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

வெறும் விளையாட்டுதானே, சதுரங்கத்தில் ராஜாவை வீழ்த்தினால் கொலையா என்று சிலர் கேட்பீர்கள். சரி, விளையாட்டு என்று சொல்லுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன். வியாபாரப் பாடம் என்று சொன்னால் எதிர்ப்பேன். வாங்கி, விற்று, கிளம்பிப்போய்விடலாம் என்று நினைப்பவன் வியாபாரி ஆகமாட்டான். பஜாரில் மறுநாள் காலையில் அதே ஆளின் முகத்தில்தான் விழித்தாக வேண்டும்.

இதையெல்லாம் பேரனிடம் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பட்டியலில் மிருகத் தோலும் உண்டு. அதைக் காட்டி, "நம்ம ஊர்ல தோல் வித்தவங்க மட்டும் என்ன தாத்தா பண்ணாங்க?" என்று கேட்டான். என் வாய் அடைத்துப்போனது.

1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில், நம் தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டதாக ஆய்வு சொன்னது பதிவாகியிருக்கிறது. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். தோல் கப்பல் ஏறியது, லாபம் வந்தது, உப்பும் குரோமியமும் பாலாற்றங்கரையில் தங்கிவிட்டன. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் கூலி போட்டால்தான் எங்கள் மண்டிக்கு வசூல். அந்தக் காசில்தான் என் சம்பளம், என் மகனின் படிப்பு. பேரேட்டில் ஒரு பைசா விடாமல் எழுதினேன். ஆற்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்க எனக்கும் தோன்றவில்லை.

ஆகவே என் வயதுக்காரர்களே, பிள்ளைகளைத் திட்டுமுன் யோசியுங்கள். தாவிப் போனால் குற்றம் கரையும் என்ற கணக்கை அந்த ஆட்டம் அவர்களுக்குப் புதிதாகக் கற்றுத் தரவில்லை. அதை நாம் ஏற்கெனவே ஆடிக் காட்டிவிட்டோம். ஒரே வித்தியாசம், நமக்குத் தாவ இன்னொரு உலகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பேரனைப் பாலாற்றுப் பாலத்துக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே ஆரம்பிக்கலாம் வியாபாரப் பாடத்தை.