ஊர்க் கணக்கு வேண்டாம், அவரவர் கணக்கைக் காட்டுங்கள்

அம்பத்தூர் ஓ.டி.யில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து தருவது என் தொழில். எஸ்டேட் பட்டறைகளில் வேலை பார்ப்பவர்கள், ஆவடி டேங்க் ஃபேக்டரிக்காரர்கள், பூந்தமல்லிப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் வருவார்கள். ஃபார்ம் 16-ஐக் கொடுத்தால் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். இப்போது வருகிற பையன்களில் பலர் அதோடு இன்னொரு பி.டி.எஃப்.பையும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். ஷேர் ஆப்பிலிருந்து இறக்கிய லாப நஷ்டக் கணக்கு அது. அதில் ‘எஃப் அண்ட் ஓ’ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) என்று ஒரு பக்கம் இருந்துவிட்டால் ஐ.டி.ஆர்.1 செல்லாது. வியாபாரிகளுக்கான ஐ.டி.ஆர்.3 போட வேண்டும். மாதச் சம்பளக்காரர், வரித் துறைக் கணக்கில் வியாபாரி ஆகிவிடுகிறார்.

எஸ்டேட்டில் சி.என்.சி. புரோகிராமராக இருக்கும் ஒரு தம்பியின் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். “நான் கண்டபடி ஆடறதில்லக்கா. ரிசல்ட் டிரேடு மட்டும்தான்” என்றார். உண்மைதான். தாளில் இருந்த தேதிகள் எல்லாம் கம்பெனிகளின் காலாண்டு ரிசல்ட் வரும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு கொத்தாக இருந்தன. டி.சி.எஸ். ரிசல்ட்டில் ஆரம்பித்து இன்ஃபோசிஸ், விப்ரோ, எச்.சி.எல்., பிறகு டிக்சன், கெய்ன்ஸ், சி.ஜி. பவர் என்று வரிசையாகப் போயிருக்கிறார். எந்தக் கால் ஆப்ஷனில் எவ்வளவு எடுத்தார் என்பதை மனப்பாடமாகச் சொன்னார். வருஷத்து மொத்தம் என்ன என்று கேட்டேன். “பெருசா ஒண்ணும் போகலக்கா, ஏறக்குறைய சமமாத்தான் இருக்கும்.”

திரையை அவர் பக்கம் திருப்பினேன். நஷ்டத்தை அவர் அதிகம் பார்க்கவில்லை. அதற்குக் கீழே இருந்த வரிகளில்தான் கண் நின்றது. புரோக்கரேஜ், எஸ்.டி.டி., எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஜி.எஸ்.டி., முத்திரைக் கட்டணம். எல்லாம் சேர்ந்து அவருடைய ஒரு மாதச் சம்பளத்தை ஒட்டி வந்தது. “இதையெல்லாம் நானா கட்டினேன்?” என்றார். அடுத்த கேள்வி, எல்லோரும் கேட்பது: “இந்த நஷ்டத்தைச் சம்பளத்துல கழிச்சு டி.டி.எஸ். திரும்ப வாங்க முடியுமா?” முடியாது. எஃப் அண்ட் ஓ நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கச் சட்டம் விடாது. கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால் எட்டு வருஷம் வரை வியாபார வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கழிக்க அந்த வருமானம் வர வேண்டுமே.

ரிசல்ட் டிரேடு என்பது படித்து, கணக்குப் பார்த்துச் செய்கிற காரியம் என்று இவர்கள் நம்புகிறார்கள். 2023 ஏப்ரல் 13-ஐ நினைத்துப் பாருங்கள். வியாழக்கிழமை சந்தை முடிந்தபின் இன்ஃபோசிஸ் ரிசல்ட் வந்தது. காலாண்டு லாபம் 6,128 கோடி ரூபாய், முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட ஏழு சதவீதத்துக்கு மேல் அதிகம். மறுநாள் தமிழ்ப் புத்தாண்டு, சந்தைக்கும் விடுமுறை. அடுத்து சனி, ஞாயிறு. கால் வாங்கி வைத்திருந்தவர்கள் பாயசம் சாப்பிட்டுவிட்டுத் திங்கட்கிழமைக்காகக் காத்திருந்தார்கள். திங்கள் முடிவில் பங்கு ஒன்பது சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தது. வரும் ஆண்டில் வருமானம் 4 முதல் 7 சதவீதம்தான் வளரும் என்று கம்பெனி சொன்னது சந்தைக்குப் பிடிக்கவில்லை. 2013 ஏப்ரலிலும் அதே கம்பெனி, அதே மாதிரி முன்கணிப்பு; அன்றைக்கு ஒரே நாளில் இருபது சதவீதத்துக்கு மேல் போனது. ஸ்டாப் லாஸ் போட்டிருக்கிறேன் என்பார்கள். சந்தை மூடிக் கிடக்கும்போது வருகிற செய்திக்கு எந்த ஸ்டாப் லாஸ் நிற்கும்?

அமெரிக்கப் பங்கு வாங்குகிற கூட்டமும் இங்கே சேர்ந்துவிட்டது. 2025 நவம்பர் 20 அதிகாலை, நம் நேரப்படி, என்விடியா கணக்கு வந்தது. காலாண்டு வருமானம் 5,700 கோடி டாலர், ஓராண்டில் 62 சதவீத உயர்வு. இதைவிட என்ன வேண்டும்? அன்று சந்தை திறந்ததும் பங்கு ஐந்து சதவீதம் போல ஏறியது, முடியும்போது மூன்று சதவீதம் இறங்கிக் கிடந்தது. ரிசல்ட் நன்றாக இருக்கும் என்று ஊருக்கே தெரிந்திருந்தால், அந்த ‘நன்றாக’ ஏற்கெனவே விலையில் ஏறியிருக்கும். ஆப்ஷனில் இன்னும் மோசம். ரிசல்ட்டுக்கு முந்தைய நாள் பிரீமியம் வீங்கியிருக்கும், மறுநாள் காலையில் தீபாவளி முடிந்த பட்டாசு மாதிரி விலை விழும். ஏறும் என்று சொன்னது பலித்தும் காசு போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ‘ஆபரேட்டர் அடிச்சுட்டான்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

நம் தம்பி வாங்கிய சி.ஜி. பவர் போன்ற சிப் பங்குகள் மீதான மோகத்துக்கு நம் ஊரிலேயே ஒரு கிளைக்கதை உண்டு. அம்பத்தூரில் சைக்கிள் செய்ய 1949-இல் தொடங்கப்பட்டது டி.ஐ. சைக்கிள்ஸ். முருகப்பா குழுமத்தில் அதை நடத்தும் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான் 2020-இல், கணக்கில் குளறுபடி வெளியாகி நொந்து கிடந்த சி.ஜி. பவரை, பங்கு ஒன்றுக்கு 8 ரூபாய் 56 காசு கொடுத்துத் தன் கைக்குக் கொண்டுவந்தது. நான்கு வருஷத்தில் அந்தப் பங்கு 800 ரூபாயைத் தாண்டியது. அதற்குள் மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் செய்து விற்றுக் கடனை அடைத்திருந்தார்கள். சிப் பிற்பாடு வந்தது. சானந்தில் 7,600 கோடி ரூபாய் சிப் ஆலைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2024 பிப்ரவரி 29 அன்று. முன்னோட்ட உற்பத்தி வரிசை திறந்ததே 2025 ஆகஸ்ட் 28-இல். ஒப்புதலுக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் ஒன்றரை வருஷம். நம் தம்பி வாங்குகிற கால் ஆப்ஷன் மாதக் கடைசியில் காலாவதி. ஒரு மிஷின் வந்து இறங்கி, டிரையல் ஓடி, கஸ்டமர் சாம்பிளை ஓகே செய்ய எத்தனை மாதம் ஆகும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பட்டறையில் தெரிந்தது, ஆப்பைத் திறந்ததும் எப்படியோ மறந்துபோகிறது.

  

பெயர் மட்டும் போதும் என்ற கூத்தும் நடந்தது. ஆர்.ஆர்.பி. செமிகண்டக்டர் என்ற பங்கு 2024-இன் தொடக்கத்தில் சொற்ப விலை, அடுத்த ஆண்டின் பிற்பகுதியில் பத்தாயிரத்துக்கு மேல். சிப் உற்பத்தி எதையும் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று கம்பெனியே பங்குச் சந்தைக்கு எழுதிக் கொடுத்தது. கடைசியில் வாரம் ஒரு முறைதான் வர்த்தகம் என்று கட்டுப்பாடு போட்டார்கள்.

சந்தையைக் கண்காணிக்கும் செபி சும்மா இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். 2024 செப்டம்பரில் அது வெளியிட்ட ஆய்வில், மூன்று ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓ ஆடிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2023-24-இல் சராசரியாக ஒருவர் கட்டணமாகவே 26,000 ரூபாய் கட்டியிருக்கிறார். நாலில் மூன்று பேருக்கு ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்குக் கீழே. அதாவது, என் மேஜைக்கு எதிரே உட்காருகிறவர்கள். எதிர்ப்பக்கம் லாபம் பார்த்த வெளிநாட்டு முதலீட்டாளர்களும் புரோக்கிங் நிறுவனங்களின் சொந்தக் கணக்குகளும் அந்த லாபத்தில் 95 சதவீதத்துக்கு மேல் அல்கோ எனும் கணினி நிரல் மூலமே எடுத்திருக்கிறார்கள். 2024-25-இல் தனிநபர் நஷ்டம் மட்டுமே 1,05,603 கோடி.

2023 ஜூலையிலிருந்து ஆப்பில் நுழையும்போதே ‘பத்தில் ஒன்பது பேர் நஷ்டப்படுகிறார்கள்’ என்று எச்சரிக்கை காட்ட வேண்டும் என்பது செபி உத்தரவு. காட்டுகிறார்கள். சினிமா தொடங்குமுன் வரும் புகையிலை எச்சரிக்கையைப் பார்ப்பதுபோல்கூட இதை யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொருவரும் தன்னைப் பத்தாவது ஆள் என்று நினைத்துக்கொண்டு கட்டைவிரலால் தள்ளிவிடுகிறார்கள். ஊரார் நஷ்டம் யாருக்கும் உறைக்காது.

எனவே செபி அந்த வாசகத்தை மாற்ற வேண்டும் என்கிறேன். ஆப்ஷன் வாங்கும் பொத்தானுக்கு மேலேயே, அந்த நிதியாண்டில் வாங்குபவருக்கு வந்த லாபமோ நஷ்டமோ, எல்லாக் கட்டணமும் கழித்து, ஒரே எண்ணாக நிற்க வேண்டும். பக்கத்தில், கட்டணம் மட்டும் எவ்வளவு என்று தனியாக. கம்பெனியின் ரிசல்ட் தேதி நெருங்கும் பங்கு என்றால், முந்தைய ரிசல்ட் வாரங்களில் அவர் கணக்கு என்ன ஆனது என்பதும் சேரட்டும். இதற்குப் புதுத் தொழில்நுட்பம் தேவையில்லை. தாக்கல் சமயத்தில் எனக்கு வருகிற அந்த பி.டி.எஃப்.பில் முக்கால்வாசி ஏற்கெனவே இருக்கிறது. ஆர்டருக்கு ஆர்டர் காசு பார்க்கிற புரோக்கர்கள் இதைத் தாமாகச் செய்வார்கள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. 2023 எச்சரிக்கையும் தானாக வரவில்லை, சுற்றறிக்கை போட்ட பிறகுதான் வந்தது.