கவுன்சிலருக்கு ஏது அதிகாரம்?

கட்டட அனுமதி விவகாரங்களில் கவுன்சிலர்களுக்கு நடத்தை விதிகள் வேண்டும் என்ற பிரஸ்தாபம் எழும்போதெல்லாம், படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் ஒரே பதிலைச் சொல்லி அதனை அடக்கிவிடுகிறார்கள்: "பிளானில் கையெழுத்திடுகிறவர் கமிஷனர், கட்டடம் பெரிதானால் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.; இதில் கவுன்சிலருக்கு ஏது அதிகாரம்? இல்லாத அதிகாரத்துக்கு விதி எதற்கு?" 2019-ல் மாநகராட்சியாகி, 2022 பிப்ரவரியில் 48 வார்டுகளுக்கும் முதல் தேர்தல் கண்ட ஆவடியிலும் இதே வாதம்தான் கேட்கிறது.

சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்த்தால் வாதம் பிழையன்று. இங்கிலாந்திலே கவுன்சிலர்கள் அடங்கிய குழு கூடி, கை தூக்கி, முக்கியமான கட்டட விண்ணப்பங்களைத் தீர்மானிக்கிறது. நம்மிடமோ 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் அந்த ஆசனத்தைக் கவுன்சிலருக்கு அளிக்கவில்லை. ஆயினும் ஆவடியின் பட்டாபிராமிலோ திருமுல்லைவாயிலிலோ மனை வாங்கி, கடன் பெற்று, வீடு கட்டத் தொடங்கிய ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். ஜல்லியும் மணலும் தெருவில் இறங்கிய அன்றே "கவுன்சிலரைப் பார்த்துவிட்டீர்களா?" என்று அக்கம்பக்கத்தார் கேட்பது எதனால்? பக்கவாட்டில் விடவேண்டிய இடம் குறைகிறது என்று புகார் எழுப்பவும், நோட்டீஸ் அனுப்பச் சொல்லவும், அனுப்பிய நோட்டீஸைக் கிடப்பில் போடச் சொல்லவும், சாக்கடை இணைப்புக்குச் சாலை தோண்டும் அனுமதியைத் தாமதப்படுத்தவும் வல்ல ஒருவருக்குக் கையெழுத்து உரிமை இல்லை என்பது, செங்கல் அடுக்கி நிற்பவருக்கு என்ன ஆறுதல் தரும்? சட்டமே இதனை உணர்ந்திருக்கிறது. 2018-ல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7ஏ பிரிவு, தன் சொந்தச் செல்வாக்கைக் கொண்டு பொது ஊழியர் ஒருவரை வசப்படுத்துவதாகச் சொல்லி ஆதாயம் பெறுவதையும் குற்றமாக்குகிறது. அதிகாரம் இல்லாதவனின் செல்வாக்கும் விலைபோகும் என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டாம்.

"அப்படியானால் சட்டமே போதுமே!" என்று உடனே அடுத்த வாதம் வரும். நகராட்சி உறுப்பினரும் அச்சட்டத்தின் கண்ணில் பொது ஊழியரே என்று 2013-ல் ராஜஸ்தானத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியதும் மெய்தான். ஆனால் சட்டம் விழிப்பது லஞ்சம் கைமாறிய பிறகு. லஞ்சமே இல்லாத சுயநலம் உண்டு. என் கவலை பெரிதும் அதைப் பற்றியது. மனை வியாபாரம் செய்கிறவர் கவுன்சிலராவது குற்றமன்று. அவருடைய மைத்துனர் கட்டட மேஸ்திரியாக இருப்பதும் குற்றமன்று. எனினும், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கை விளையாட்டிடமாகவும் பூங்காவாகவும் ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தரவேண்டும் என்பது விதி. அவ்வாறு வந்த நிலத்துக்கு வேலி போடுவதா, அதன் வழியே பாதை விடுவதா என்று மன்றம் விவாதிக்கும் நாளில், அடுத்த மனைகளை விற்றவரே எழுந்து, வார்டு மக்களின் நன்மையைக் கருதி என்று பேசுவாராயின், எந்தக் காவலர் அவர்மீது வழக்குப் பதிய இயலும்? வேட்புமனுவோடு கொடுத்த சொத்துப் பிரமாணம் அன்றைய நிலையைக் காட்டுமே ஒழிய, பிற்பாடு வாங்கியதைக் காட்டாது. "இதில் எனக்குச் சம்பந்தம் உண்டு" என்று பகிரங்கமாகச் சொல்லி, குறிப்பேட்டில் பதிவு செய்து, அவையை விட்டு வெளியேறும் கடமையை நடத்தை விதி தெளிவாக விதிக்கலாம். இங்கிலாந்தின் 2011-ஆம் ஆண்டுச் சட்டம், கவுன்சிலர் தம் பணச் சம்பந்தத்தை நியாயமான காரணமின்றி மறைப்பதையே குற்றமாக்கியிருக்கிறது. லஞ்சம் வாங்கினாரா என்பது அங்கே கேள்வியே அன்று.

விதிகள் மக்கள் பிரதிநிதியின் வாயைக் கட்டிவிடும் என்பார் கூற்றுக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. மேற்சொன்ன அதே இங்கிலாந்துச் சட்டம், ஒரு விஷயத்தில் முன்னரே அபிப்பிராயம் தெரிவித்திருந்தார் என்ற ஒரே காரணத்துக்காக எவரையும் திறந்த மனம் இழந்தவராகக் கொள்ளலாகாது என்கிறது. ஆவடியின் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் கட்டடம் வேண்டாம் என்று முழங்குகிற கவுன்சிலர் தாராளமாக முழங்கட்டும்.

கடைசி வாதம் நவீனமானது: எல்லாம் ஆன்லைனில் வந்துவிட்டது என்பது. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோர் ஆன்லைனிலேயே சுயசான்று அளித்து, முன்கூட்டிய தல ஆய்வின்றியே அனுமதி பெறலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் முன்பு கட்டுமுன் நடந்த சோதனை இனிக் கட்டும்போதோ கட்டிய பின்போதானே நடக்கும்? காகிதத்தில் இருக்கும் பிழையைத் திருத்த ஒரு மாலைப் பொழுது போதும். பாதி எழும்பிய சுவரில் பிழை என்று ஒருவர் வந்து சொன்னால், வட்டி கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர் எதற்கும் இணங்கும் நிலையில் இருப்பார். ஆகவே, கட்டுமான இடத்துக்குக் கவுன்சிலர் தனியே போகலாகாது என்றும், குறையோ சிபாரிசோ எதுவானாலும் கமிஷனருக்குக் கடிதமாகவே எழுத வேண்டும் என்றும், அக்கடிதத்தின் நகல் வீட்டுக்காரர் கைக்கும் வரவேண்டும் என்றும் எழுதிவைப்பதே, ஆவடி மன்றம் நிறைவேற்றத் தக்க முதல் தீர்மானம்.