மிகி நகரத்து மேசை

1755 நவம்பர் 1 அன்று லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்திலும், அதைத் தொடர்ந்து எழுந்த கடற்பேரலையிலும் தீயிலும் அழிந்தது. நகரைத் திரும்பக் கட்ட வந்த பொறியாளர்கள், கல் சுவருக்குள்ளே குறுக்குச் சட்டங்கள் கோத்த மரக்கூடு ஒன்றை வகுத்தார்கள். அது தாங்குமா என்று பார்க்க ஒரு மாதிரியைச் செய்து நிறுத்தி, சுற்றிலும் படைவீரர்களைத் தரை அதிர நடக்கவிட்டார்கள் என்று சொல்வார்கள். 28 ஆண்டுகள் கழித்து, 1783இல், தெற்கு இத்தாலியின் கலாப்ரியா குலுங்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்ட பிறகு நேப்பிள்ஸ் அரசும் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்து சேர்ந்தது: சுவருக்குள் மரச்சட்டம் இருக்க வேண்டும்.

மரக் கட்டுமானத்தின் நெடிய வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. மரமும் உள்ளூர், தச்சும் உள்ளூர், கட்டட விதியும் உள்ளூர். ஓர் ஊர் உயிர்களைக் கொடுத்துக் கற்றதை அடுத்த ஊர் மறுபடியும் உயிர்களைக் கொடுத்தே கற்றது. இந்த வழக்கம் கடந்த இருபது ஆண்டுகளில் ஓரளவு உடைந்திருக்கிறது என்றால், அதில் பெரும்பங்கு ஜப்பானில் கோபே நகருக்கு அருகே, மிகி என்ற ஊரில் இருக்கும் ஓர் எஃகு மேசைக்கு உண்டு.

1995 ஜனவரி 17 அதிகாலை 5.46க்குக் கோபே அதிர்ந்தது. 6,400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பலர் தம் சொந்த மர வீடுகளுக்கு அடியிலேயே நசுங்கிப் போனவர்கள். தலைக்கு மேல் கனத்த ஓட்டுக்கூரை, கீழே அதைத் தாங்க வலுவில்லாத சுவர்கள். மரத்தையே கைவிட்டுவிடலாம் என்று அன்று முடிவெடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் ஜப்பான், எந்த வீடு எதனால் விழுகிறது என்பதை முழு அளவில் அசைத்தே பார்த்துவிடுவது என்று தீர்மானித்தது. 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் கொண்ட மேசை. அதன்மேல் 1,200 டன் எடையுள்ள கட்டடத்தை ஏற்றி, பதிவாகியிருக்கும் பெரிய நிலநடுக்கங்களை மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் திரும்ப நிகழ்த்தலாம். 'இ-டிஃபென்ஸ்' என்ற அந்தக் கூடம் 2005இல் இயங்கத் தொடங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் இரண்டு பழைய மர வீடுகளை அருகருகே ஏற்றிக் குலுக்கினார்கள். வலுவூட்டிய வீடு நின்றது. வலுவூட்டாதது சில நொடிகளில் சரிந்தது.

அடுத்து அந்த மேசையைத் தேடி இத்தாலியர்கள் வந்தார்கள். 1990களில் ஆஸ்திரியாவில், குறிப்பாக கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், ஒரு புதுப் பொருள் உருவாகி வளர்ந்திருந்தது. சாதாரணப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கிப் பசையிட்டு அழுத்தினால், ஒரு சுவரே ஒற்றைப் பலகையாகக் கிடைக்கிறது. குறுக்கடுக்குப் பலகை எனலாம். அதைக் கொண்டு உயரக் கட்டலாம் என்று கணக்கு சொன்னது. நிலநடுக்க நாட்டில் கணக்கை நம்பி யார் குடியேறுவார்கள்? ஏழு மாடியை அப்படியே ஏற்றிக் குலுக்கும் வசதி இத்தாலியில் இல்லை. வடக்கே ஃபியெம்மே பள்ளத்தாக்கின் பெயரால் 'சோஃபியே' என்று அழைக்கப்பட்ட திட்டத்தின் கீழ், பொறியாளர் அரியோ செக்கோட்டி தலைமையில், 2006இல் ஜப்பானின் சுகுபாவில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று சோதிக்கப்பட்டது. 2007 அக்டோபரில் சுமார் 24 மீட்டர் உயர ஏழு மாடிக் கட்டடம் மிகியின் மேசையில் ஏறியது. பலகைகள் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தவை. ஷிசுவோகா பல்கலைக்கழகமும் ஜப்பானிய அரசு ஆய்வு நிறுவனங்களும் சோதனையில் கூட்டாளிகளாக நின்றன.

எந்த அதிர்வைக் கொடுத்தார்கள்? கோபேயில் 1995இல் பதிவான அதே அதிர்வை, குறைக்காமல், முழு அளவில். கட்டடம் ஆடியது, பிறகு தன் இடத்துக்கே திரும்பி நிமிர்ந்து நின்றது. சேதம் எங்கே என்று தேடியபோது, பலகைகளில் அனேகமாக ஒன்றுமில்லை. மூலைகளில் பலகையையும் அடித்தளத்தையும் பிணைத்த உலோகப் பட்டைகளிலும் ஆணிகளிலும்தான் சேதம். அவை வளைந்து கொடுத்து அதிர்வின் ஆற்றலை வாங்கிக்கொண்டன. மேல் மாடிகளில் குலுக்கல் கடுமையாக இருந்ததையும் பதிவு செய்தார்கள். கட்டடம் நின்றாலும் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்பது தனிக் கேள்வி. இதை மறைக்காமல் எழுதி வைத்ததற்காகவே அந்தச் சோதனையை நான் மதிக்கிறேன்.

ஒன்றரை ஆண்டு கழித்து, 2009 ஏப்ரல் 6 அன்று இத்தாலியின் லாக்விலா நகரம் நிலநடுக்கத்தில் இடிந்து 309 பேர் இறந்தார்கள். வீடிழந்தவர்களுக்காக அரசு அவசரமாக எழுப்பிய 185 குடியிருப்புக் கட்டடங்களில் பல மரத்தால் ஆனவை. அதே ஆண்டு ஜூலையில் ஜான் வான் டி லிண்ட் தலைமையில் அமெரிக்கர்கள் மிகிக்கு வந்து, தங்கள் நாட்டு முறையில் கட்டிய மரச்சட்ட அடுக்குமாடி வீட்டைக் குலுக்கினார்கள். 2023 மே மாதம் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில், திறந்தவெளி மேசையில் பத்து மாடி மரக் கட்டடம் நின்றது. நார்த்ரிட்ஜ், தைவானின் சி-சி ஆகிய இரண்டு நிலநடுக்கங்களின் அதிர்வையும் தாங்கியது. அதன் சுவர்கள் அசைந்து மீண்டும் நிலைக்கு வரும் உத்திக்கு நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகள் முன்னோடி.

ஜப்பானுக்கு இதில் என்ன லாபம்? போருக்குப் பின் மலைகளெங்கும் நட்ட சுகி என்ற மரங்கள் முதிர்ந்து, வாங்க ஆளின்றி நின்றன. அவற்றுக்கு வழி காட்டக்கூடிய குறுக்கடுக்குப் பலகைக்கு ஜப்பான் 2013இல் தரவரையறை வகுத்தது, 2016இல் கட்டட வடிவமைப்பு விதிகளை வெளியிட்டது. ஒரே சோதனை இதைச் சாதித்தது என்று சொல்வது மிகை. ஆனால் விதி எழுதுகிற சமூகம், விருந்தினரின் கட்டடம் தன் கண்ணெதிரே நின்றதைப் பார்த்திருந்தது. மேசையை வாடகைக்கு விடுவதோடு நின்றிருந்தால் இந்தப் பயன் கிடைத்திருக்காது. அளவீடுகளைச் சேர்ந்தே எடுத்தார்கள், கட்டுரைகளைச் சேர்ந்தே எழுதினார்கள். மக்கள் பணத்தில் கட்டிய கூடத்தில் கிடைக்கும் எண்களை எந்த நிறுவனமும் பூட்டி வைக்க விடக்கூடாது. இணைப்புப் பட்டையின் வடிவம் வணிக ரகசியமாக இருக்கலாம், அது எந்த அதிர்வில் பிய்ந்தது என்பது அப்படி இருக்கலாகாது.

நம் துணைக்கண்டத்துக்கும் இது அவசரமான விஷயம். காஷ்மீரில் 'தஜ்ஜி' என்றொரு கட்டும் முறை உண்டு. சுவரைச் சிறுசிறு மரச்சட்டங்களாகப் பிரித்து, இடையே கல்லும் மண்ணும் அடைப்பார்கள். 2005 அக்டோபர் 8 அன்று 7.6 அளவு நிலநடுக்கத்தில் 70,000க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, இந்த முறையில் கட்டிய பல வீடுகள் நின்றன. பாகிஸ்தானின் மறுசீரமைப்பு ஆணையம் இதை ஏற்றுக்கொண்டது, பல்லாயிரம் குடும்பங்கள் இம்முறையில் வீடு கட்டின. பெஷாவர் பொறியியல் பல்கலைக்கழகத்தில் முழு அளவுச் சுவர்களைத் தள்ளியும் இழுத்தும் வலிமை அளந்தார்கள். எல்லைக் கோட்டின் இந்தப் பக்கம், ஸ்ரீநகரின் பழைய தெருக்களிலும் அதே தஜ்ஜிச் சுவர்கள் நிற்கின்றன. அதே தேவதாரு, அதே தச்சு, அதே இமயத்தின் அழுத்தம். இரு பக்கத்துத் தச்சர்களும் சேர்ந்து கட்டிய ஒரு முழு தஜ்ஜி வீட்டை, அடுத்த பெரிய அதிர்வுக்கு முன்னால், மிகியிலோ வேறெங்கோ ஒரு மேசையில் ஏற்றிக் குலுக்க வேண்டும். கிடைக்கும் எண்களை அந்தப் பக்கம் முஸாஃபராபாத்திலும் இந்தப் பக்கம் ஸ்ரீநகரிலும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும்.